இறுக்கம்

ஜனவரி 8, புதன்

இந்த மாதமும் நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணமாகி ஏழு மாசம்தான ஆகுது. மத்தவன்லாம் பகல் ஷிஃப்டுக்குச் சண்டை போடுறான்" என்றார். ஆள் பற்றாக்குறையில் நாம்தானே சார் அனுசரிக்க வேண்டும் என்றேன். நல்ல பெயர் கிடைத்தது.

காலை ஏழு மணிக்கு சத்திரப்பட்டியிலிருந்து ராஜபாளையம் வந்து சேரும்போது சுபா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். இட்லியை எடுத்து வைத்துவிட்டு, "வரேங்க" என்பாள். அவள் திரும்பி வந்து சமைத்து முடிக்கையில் நான் கிளம்பிவிடுவேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இப்படியும் வாழலாம்.

மில்லில் நாங்கள் ஓட்டுவது பேண்டேஜ் துணி. நான் தறிக்கூடத்து சூப்பர்வைசர். பஞ்சுத்தூசியோ என்னவோ, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை.

எழுதித்தான் விடுகிறேனே. முன்தோல் பின்னால் போக மாட்டேன் என்கிறது. சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இறுக்கம்தான். அது ஒரு கோளாறு என்பதே எனக்குத் தெரியாது, யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? போன வருஷத்திலிருந்து நுனியில் வெடிப்பு விழுந்து, ஆறி, திரும்ப வெடித்து, இப்போது மோதிரம் மாட்டினதுபோல் இறுகிவிட்டது. கல்யாணமான முதல் வாரம் சுபாவோடு சேரப்போய், வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தலைவலி என்று சொன்னேன். அப்புறம் முதுகுவலி. அப்புறம் நைட் ஷிஃப்ட்.

ஜனவரி 12, ஞாயிறு

தென்காசியில் ஒரு லாட்ஜில் வைத்தியர் முகாம். பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து நம்பரைக் குறித்து வைத்திருந்தேன். தறிக்கு உதிரிப்பாகம் வாங்கப் போவதாகச் சுபாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

வராண்டாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வைத்தியர் நாடி பிடித்தார். "நரம்புத் தளர்ச்சி. சின்ன வயசுப் பழக்கம் அதிகமோ?" என்றார்.

"இல்லைய்யா, தோல்தான் இறுகி..."

"எல்லாம் அதுலேருந்துதான் வரும். லேகியம் தாரேன். ஒரு மண்டலம் சாப்பிடுங்க."

பார்க்கக்கூட இல்லை. பிரச்சினை இருக்கும் இடத்தைப் பார்க்காத வைத்தியரிடம் மணிக்கட்டைக் கொடுத்துவிட்டு லேகியத்தோடு வந்தேன். கருப்பட்டியும் தேனும் போட்டதாம். தித்திப்பு மட்டும் குறைவில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்காவும் அத்தானும் வந்தார்கள். அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் முத்துச்செல்வி அக்காதான். பெண் பார்த்ததும் அவள், தாலிக்குப் பொன்னுருக்கியதும் அவள்.

சாப்பிட்டு முடித்ததும் சுபாவிடம் கேட்டாள். "விசேஷம் ஒண்ணும் இல்லையாம்மா?"

"இல்ல மதினி."

"எனக்கு மூணாம் மாசமே நின்னுட்டு. சரி, எதுக்கும் ஒரு லேடி டாக்டர்ட்ட காட்டிருவோம். எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

சுபா என்னைப் பார்த்தாள். நான் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் டிவியில் மாடுபிடி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை யாராவது அணைத்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

அக்கா லீவு போடச் சொல்லி சுபாவைக் கூட்டிப் போனாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ஸ்கேன் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் நார்மல். புருஷனைக் கூட்டி வரும்படி டாக்டர் சொன்னதற்கு, "எங்க தம்பிக்கு என்ன, அவன் கல்லு மாதிரி இருக்கான்" என்றாளாம் அக்கா.

சுபா துணி மடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். கடைசியாக இருந்த என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டரம்மா சில கேள்வி கேட்டாங்க. மாசத்துல எத்தன தடவ, அப்படியெல்லாம். மதினி பக்கத்துலயே இருந்தாங்க. நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

மில் வேன் வந்துவிட்டது என்று எழுந்தேன். உண்மையிலேயே வந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

மில் எலக்ட்ரீஷியன் சாகுல் ஹமீது இன்று கேட்டேவிட்டார். "அண்ணாச்சி, ஒரு ஷிஃப்டுக்குள்ள எத்தன வாட்டி ஒண்ணுக்குப் போறீங்க. போயிட்டு வரும்போது மூஞ்சி வேற சுருங்குது. கல்லடைப்பா?"

இல்லை என்றேன். சைக்கிள் ஸ்டாண்டு வரை அவரோடு நடந்தேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "உங்க ஆளுங்கள்ல சின்ன வயசுலயே சுன்னத் பண்ணிருவீங்கள்ல. பெரியவங்களுக்கும் பண்ணலாமா?" என்றேன்.

"யாருக்குக் கேக்குறீங்க?"

"ஒரு ஃப்ரண்டுக்கு. தோல் இறுக்கமா இருக்காம்."

சாகுல் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "அது சடங்கு அண்ணாச்சி, இது நோய். ரெண்டையும் குழப்பாதீங்க. நோய்னா டாக்டர்ட்டதான் காட்டணும். உங்க ஃப்ரண்டுகிட்ட சொல்லுங்க, லேகியம் கீகியம்னு போயிராம."

ஃப்ரண்ட் ஏற்கெனவே இரண்டு டப்பா தின்றுவிட்டான் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

தோல் டாக்டரிடம் போவதென்று முடிவு செய்து, முதலில் போன கிளினிக் போர்டில் 'டாக்டர் கோமதி' என்றிருந்ததால் திரும்பிவிட்டேன். இரண்டாவது இடத்தில் வயதான டாக்டர். பேரைக் கூப்பிடும் பெண், "என்ன கம்ப்ளைண்ட்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அரிப்பு என்றேன். எங்கே என்றாள். காலில் என்றேன்.

டாக்டர் காலைப் பார்த்தார். அப்புறம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். முதல் தடவையாக ஒருவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிஷத்துக்கா இத்தனை மாதம்.

"முன்தோல் இறுக்கம். ஃபைமோசிஸ்னு சொல்வோம். நிறையப் பேருக்கு இருக்கறதுதான். ஸ்டீராய்டு கிரீம் தாரேன். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, நுனியில லேசாத் தடவுங்க. குளிக்கும்போது தோலை மெல்லப் பின்னால தள்ளிப் பழக்குங்க. வலிச்சா நிறுத்திரணும். எவ்வளவு தூரம் போனாலும் திரும்ப முன்னால கொண்டுவந்துரணும், அது ரொம்ப முக்கியம். ஒரு ஆறு வாரம் பாப்போம்."

"ஆறு வாரமா?"

"இத்தன வருசம் இருந்தீங்கள்ல. அப்புறம், ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துருங்க. இந்த மாதிரி வெடிப்புக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்."

எனக்கு முப்பத்திரண்டு வயது. கிரீம் வாங்கினேன். டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. பரிசோதனைக் கூடங்களோடு இவர்களுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

தடவினேன். ஒரு மாற்றமும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ஒரு துளி இளகியிருப்பதுபோல் இருக்கிறது. அல்லது ஆசையில் அப்படித் தெரிகிறது. கிரீமை பாத்ரூம் வென்டிலேட்டரில், பழைய பிளேடு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அக்கா போன் செய்தாள். ஜாதகத்தை யாரிடமோ காட்டினாளாம். சுபாவுக்கு ஏதோ தோஷமாம். "அவங்க வீட்டுல மறைச்சிருக்காங்கடா தம்பி" என்றாள். எனக்கு அக்கா மேல் கோபம் வரவில்லை. கிரீம் மேல் வந்தது. ஆறு வாரமென்றால் பங்குனி பிறந்துவிடும். அதற்குள் அக்கா சுபாவை எத்தனை ஊருக்கு இழுத்துக்கொண்டு போவாளோ.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

காலை எட்டு மணிக்குக் குளிக்கப் போனேன். வெந்நீர். தோல் இளகினமாதிரி இருந்தது. இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று தோன்றிவிட்டது. வலித்தது. நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். போய்விட்டது. முழுதாகப் பின்னால் போய்விட்டது. ஒரு நிமிஷம் நான் அடைந்த சந்தோஷத்தை எழுதினால் வெட்கக்கேடு.

அப்புறம் முன்னால் வரவில்லை. இழுக்க இழுக்க வரவில்லை. வளையம் மாதிரிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டது, நுனி வீங்க ஆரம்பித்தது. சோப்பு போட்டேன், எண்ணெய் போட்டேன், பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். நேரம் ஆக ஆக நிறமே மாறியது. சுபா கதவைத் தட்டினாள். வரேன் என்றேன். திரும்பத் தட்டினாள். வயிறு சரியில்லை என்றேன். பத்து மணிக்கு மேல், "கதவைத் திறக்கீங்களா, பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடவா?" என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கணக்கு டீச்சர் குரல்.

திறந்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். "எனக்கு அங்க ஒரு பிரச்சினை" என்றேன். அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. உள்ளே போய் என் லுங்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் இளவயது டாக்டர். மரத்துப் போகிற ஜெல் தடவி, கையால் இறுக்கிப் பிடித்து அழுத்தி, வீக்கத்தை வடியவிட்டு, பெருவிரலால் தள்ளினார். என் வாழ்க்கையில் அந்த மாதிரி வலியைப் பார்த்ததில்லை. டப்பென்று தோல் முன்னால் வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் விட்டுருந்தீங்கன்னா ரத்த ஓட்டம் நின்னுருக்கும். எப்பலேருந்து இப்படி?" என்றார். நர்ஸ் விரலில் குத்தி சுகர் பார்த்தார். டாக்டர் மீட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு விரலிலும் குத்தச் சொன்னார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

"தாகம் இருக்கா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா?"

அத்தனையும் பஞ்சுத்தூசி என்று நினைத்திருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். இனி மறைக்க என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வாரத்துத் தலைவலி, தென்காசி, லேகியம், கிரீம். சுபா குறுக்கே பேசாமல் கேட்டாள். எதிரே ஒரு பெண் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு போனாள். அவள் போய் மறைந்த பிறகு சுபா சொன்னாள்.

"எட்டு மாசமா நான் எத்தன சோப்பு மாத்திருக்கேன் தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"என்மேல ஏதோ நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சேன். அதான் எந்திரிச்சுப் போறீங்கன்னு. எங்கம்மாகிட்டக் கேட்டேன், என்மேல வாடை வருதாம்மான்னு. அவங்க மோந்து பாத்துட்டு இல்லன்னாங்க. அம்மாக்குப் பழகியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இன்று காலை லேகிய டப்பா குப்பைத்தொட்டியில் கிடந்தது.

மார்ச் 1, சனி

மதுரை. சிறுநீரகப் பிரிவு டாக்டர் எபனேசர். சுபாவும் கூட வந்தாள். நான் வெளியே இருக்கச் சொன்னேன், அவள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் பேப்பரில் படம் போட்டார். "மூணு வழி இருக்கு. கிரீமைத் தொடரலாம். ஆனா உங்களுக்கு வெடிச்சு வெடிச்சுத் தழும்பு விழுந்திருக்கு. தழும்பு கிரீமுக்கு அவ்வளவா இளகாது. ரெண்டாவது, தோலை எடுக்காம, இறுக்கமான வளையத்தை மட்டும் வெட்டி அகலப்படுத்தித் தைக்கிறது. பாக்க முன்ன மாதிரியே இருக்கும். ஆனா சுகர் ஏறுனா திரும்ப இறுகலாம். மூணாவது, முன்தோலை முழுசா எடுத்துடறது. அதோட அந்தப் பிரச்சினை முடிஞ்சுது."

"எடுத்துட்டா..." என்று நான் இழுத்தேன்.

"எடுத்துட்டா எல்லாம் சரியா வேலை செய்யும், அதுதானே கேக்கறீங்க? செய்யும். புண் ஆறுறதுக்குத் தையல் கரைய ரெண்டு மூணு வாரம். தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம் பொறுக்கணும்."

சுபா கேட்டாள். "எப்ப சார் பண்ணலாம்?"

"இப்ப பண்ண மாட்டேன். மூணு மாசச் சராசரி சுகர் பத்தைத் தாண்டியிருக்கு, ஏழு எட்டுக்குள்ள இருக்கணும். இதுல கத்தி வச்சா புண் ஆறாது, சீழ் பிடிக்கும். சுகரைக் கொண்டுவாங்க, அப்புறம் பாக்கலாம். வெடிப்புக்குப் பூஞ்சை மருந்து தாரேன். கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் பாக்கற வேலையே வேண்டாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்டிக்கொள்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்தால், வெட்ட மாட்டேன் என்கிறார். ஒரு தோலுக்கு மதுரை வரை வந்து, சோறு குறை, நட, மாத்திரை போடு என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் முறுக்கு விற்றான். சுபா வேண்டாம் என்று கையைக் காட்டினாள், எனக்கும் சேர்த்து.

மார்ச் 9, ஞாயிறு

சுபா சங்கரன்கோவிலுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நடந்தது இது. ஒரு கல்யாண வீட்டில் அக்கா யாரிடமோ, தம்பி பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பை சின்னது, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அது சுற்றிச் சுற்றிச் சுபாவின் அம்மா காதுக்குப் போய்விட்டது. அவர்கள் சுபாவுக்குப் போன் செய்து அழுதார்கள்.

"மதினிகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள் சுபா.

"சொல்றேன். கொஞ்சம் பொறு. ஆபரேசன் முடியட்டும்."

"ஆபரேசன் முடிஞ்சா என்ன சொல்வீங்க?"

"எங்கக்காகிட்ட இதெல்லாம் எப்படிச் சுபா வாயத் திறந்து சொல்ல முடியும்?"

"என்னை அந்த டாக்டரம்மா முன்னால காலை அகட்டிப் படுக்கச் சொன்னாங்க. மதினி திரைக்குப் பக்கத்துல நின்னாங்க. நான் படுத்தேன்ல."

இரண்டு புடவை, பள்ளிக்கூடத்துப் பேப்பர் கட்டு, அவ்வளவுதான் எடுத்தாள். அங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கு வந்து போகிறாளாம். "கோவத்துல போகல. நான் சொன்னா பழி போடறான்னு பேசுவாங்க. நீங்கதான் சொல்லணும். சொல்லிட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

அலமாரியில் சுகர் மாத்திரையை வேளைக்கு வேளை பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 12, புதன்

பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டில் ஆள் இல்லாதபோது.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்தேன். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சுபா எங்கே என்றாள். பரீட்சை வேலை என்றேன்.

மார்ச் 22, சனி

காலையில் காந்தி சிலையிலிருந்து ரயில்வே கேட் வரை நடக்கிறேன். வழியில் நான்கு டீக்கடை, ஒரு பேக்கரி. சக்கரை இல்லாத டீயை எவன் குடிப்பான் என்று பேசியவன் நான்தான்.

சாகுலிடம் உண்மையைச் சொன்னேன். "அந்த ஃப்ரண்டு நான்தான்."

"தெரியும் அண்ணாச்சி."

தோலை வைத்துக்கொண்டு அகலப்படுத்தும் ஆபரேஷனைக் கேட்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். முழுக்க எடுத்தால் நாளைக்கு நாலு பேர், இவன் மதம் மாறிவிட்டான் என்று பேசமாட்டார்களா? சொல்லும்போதே யாரிடம் சொல்கிறேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சாகுல் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் சொருகிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "யாருக்கு அண்ணாச்சி காட்டப் போறீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒருத்திக்குத்தான். அவளும் சங்கரன்கோவிலில் இருக்கிறாள்.

ஏப்ரல் 5, சனி

காலை வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு. மெடிக்கலில் இருக்கும் பையனிடம் சொல்லிச் சந்தோஷப்பட முடியுமா? சுபாவுக்கு மெசேஜ் போட்டேன். 'நல்லது' என்று வந்தது. அடுத்து, 'சொல்லியாச்சா?' என்று வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வெடிப்பு ஆறியிருக்கிறது. எரிச்சல் இல்லாமல் ஒன்றுக்குப் போனது எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று நினைவில்லை. இறுக்கம் அப்படியேதான்.

ஏப்ரல் 26, சனி

எபனேசர் சரி என்றுவிட்டார். திங்கட்கிழமை. எதைச் செய்யட்டும் என்று கேட்டார். முழுசா எடுத்துடுங்க சார் என்றேன். கூட யார் இருப்பார்கள் என்றதற்கு, வருவாங்க என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து சுபாவைக் கூப்பிட்டேன்.

"மதினிகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றாள்.

சொல்லிவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

ஏப்ரல் 29, செவ்வாய்

முடிந்தது. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. முக்கால் மணி நேரம். பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் டாக்டர் மின்சார வெட்டைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டே வேலை பார்த்தார். என் வாழ்க்கையின் பெரிய விஷயம் அவருக்கு அன்றைக்கு மூன்றாவது.

சுற்றியிருந்த காஸ் பேண்டேஜ் துணியைப் பார்த்தேன். ஓரம் பிசிறாமல் நல்ல நெசவுதான். வேறு எதையும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சுபா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்து, ஆஸ்பத்திரி எதிரே ஒரு விடுதியில் தங்கியிருந்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டாள். வலி வரும்போது நர்ஸைக் கூப்பிட்டாள்.

மே 6, செவ்வாய்

வீக்கம். கறுப்பும் சிவப்புமாய்ப் பார்க்கவே பயமாக இருக்கிறது. டாக்டர் போனில், அப்படித்தான் இருக்கும், வடியும் என்கிறார். காலை எழும்போது தையல் சுரீரென்று இழுக்கிறது. ஜட்டி உரசினால் உயிர் போகிறது. வீட்டில் லுங்கியை முன்பக்கம் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து என்னோடு வீட்டுக்கே வந்துவிட்ட சுபா முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டேன்.

மில்லில் குடலிறக்கம் என்று லீவு சொல்லியிருக்கிறேன். அக்காவிடமும் அதையேதான். பொய்க்கு மேல் பொய். சுபா பக்கத்தில் இருக்கும்போதேதான் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

மே 19, திங்கள்

தையல் கரைந்துவிட்டது. வேலைக்குப் போனேன். சாகுல் எதையும் கேட்காமல் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு வைத்திருந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சுபாவின் ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.

சாப்பாடு போடும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டாள். திருநெல்வேலியில் ஒரு பெரிய டாக்டர் இருக்கிறாராம். வருகிற வியாழக்கிழமைக்குப் பேர் கொடுத்து வைத்திருக்கிறாளாம். "குடலிறக்கம் அது இதுன்னு தம்பிக்கு ஒரு பாடு முடிஞ்சது. இனி உன் விஷயத்தைப் பாப்போம் சுபா. ஒரு வருசம் ஆயிட்டு. நாலு பேரு கேக்குற கேள்விக்கு நாந்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கு."

சுபா இலையில் இருந்த அவியலை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. பொங்கலன்று பார்த்தாள். இப்போது பார்க்கக்கூட இல்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது.

"அக்கா, அவ எங்கயும் வர வேண்டாம்."

"நீ சும்மா இருப்பா, உனக்கு இதெல்லாம்..."

"எனக்குத்தான்க்கா பிரச்சினை. எனக்கு நடந்தது குடலிறக்கம் இல்ல. முன்தோல் இறுகிப்போய், சேரவே முடியாம இருந்தேன். அதுக்குத்தான் ஆபரேசன். கல்யாணம் ஆனதுலேருந்து நாங்க சேரவே இல்ல. நீ ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனப்பவும் இல்ல. அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அவளைப் பேச விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

அக்கா கையில் ரசக் கரண்டி. முகம் சிவந்துவிட்டது. "சோத்துல கை வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சாடா இது? ஒரு அக்காகிட்ட?" என்றாள்.

"கல்யாண வீட்டுல கர்ப்பப்பை சின்னதுன்னு பேசுனியே."

கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை. சுபா மோரை அவளே ஊற்றிக்கொண்டாள். எனக்கும் ஊற்றினாள். அத்தான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

கிளம்பும்போது அக்கா எட்டிப் பார்த்து, "பாத்துப் போங்க" என்றாள். மன்னிப்பெல்லாம் இல்லை. நான் எதிர்பார்த்ததற்கு அதுவே அதிகம். அரும்பாடுபட்டுச் சொல்லி முடித்தும் மனசு லேசாகவில்லை, பிந்திச் சொன்னதன் எரிச்சல்தான் இருந்தது.

சுபா ஸ்கூட்டரை எடுக்கத் தெருவுக்குப் போனாள். பின்னாலேயே அத்தான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரை வந்தார். பால்பாண்டி அத்தான் உரக்கடையில் பத்து ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர். திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

"மாப்ள, அந்த டாக்டர் பேரு என்ன சொன்ன?"

நான் பேரே சொல்லியிருக்கவில்லை. "எபனேசர். மதுரை."

"ரொம்ப வலிக்குமோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட் கம்பியில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கா அத்தான்?"

"மூணு வருசமாச்சு. சுகர் வந்ததுலேருந்து. வெடிச்சு வெடிச்சு... இப்ப ஒண்ணுக்குப் போறதே பாடா இருக்கு. மொட்டை மாடியில காத்து வருதுன்னு அங்கயே படுத்துக்கிடுதேன். உங்கக்கா ஏன்னு கேட்டா. அப்புறம் கேக்கறத விட்டுட்டா."

"முதல்ல சுகர் பாப்பாங்க. உடனே வெட்ட மாட்டாங்க. சனிக்கிழமை போவோம் அத்தான். நானும் வாரேன்."

"நீ எதுக்கு? நான் பாத்துக்கிடுவேன்" என்றார். அப்புறம், "எத்தன மணி பஸ்ஸு?" என்றார்.

வரும் வழியில் ஊரைத் தாண்டியதும், அத்தான் என்ன கேட்டார் என்று சுபா கேட்டாள். சொன்னேன். காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இன்னொரு தடவை சொன்னேன்.

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது போல. மூணு வருசமா மாடியில படுத்துக்கிடுறாராம்."

லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. இத்தனை மாதம் இவளைப் பேசிய வாயை நினைத்து எனக்குத் திரும்பக் கோபம் வந்தது. அவளுக்கும் வரும் என்று காத்திருந்தேன்.

"பாவம் மதினி" என்றாள். "அவங்க என்னத்த மாத்திப் பாத்தாங்களோ."

பிறகு வண்டியை எடுத்தாள்.